ஊசி வேண்டாத ராணி வளர்ப்பு கிட்: காசுக்கு என்ன கிடைக்கிறது?

தேனீ வளர்ப்புச் சாமான் விற்கும் இணையக் கடைகளில் ‘ராணி வளர்ப்பு கிட்’ என்று கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றிய மதிப்பீடு இது. பிரான்சின் நிக்கோட் பெட்டியும் ஜெர்மனியின் ஜென்டர் பெட்டியும்தான் இந்த வகைக்கு முன்னோடிகள். நம் சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்கு வருபவை பெரும்பாலும் பெயர் போடாத நகல்கள். கீழே சொல்லும் குறைகள் அந்த நகல்களுக்குத்தான் பொருந்தும்.

உள்ளே இருப்பவை: 110 சிறு கிண்ணங்கள் செருகும் சதுரப் பலகை, ராணி நுழைய முடியாத இடுக்குகள் கொண்ட முன்மூடி, அதில் ராணியை உள்ளே விட ஒரு வட்டத் துளை, ஒளி ஊடுருவும் பின்மூடி, கிண்ணங்களைச் சட்டத்தின் குறுக்குக் கட்டையில் மாட்டுவதற்கான பிடிகள், பொரிகிற ராணியைத் தனியே வைக்க உருளைக் கூண்டுகள். பலகை 110 கிண்ணம் கொள்ளும் என்றாலும் பிடிகளும் கூண்டுகளும் அதே எண்ணிக்கையில் வருவதில்லை. கடைக்குக் கடை மாறும், எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

யோசனை எளிது. நல்ல ராணியை இந்தப் பலகைக்குள் ஒரு நாள் அடைத்து முட்டையிட வைக்கிறோம். முட்டை பொரிந்ததும் புழுவை ஊசியால் அள்ளி எடுக்காமல், தொடாமல், கிண்ணத்தோடு கழற்றி, ராணியில்லாத தேனீப் பெட்டியில் தலைகீழாக மாட்டுகிறோம். கண் பார்வை மங்கியவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் இது பெரிய உதவி. விளம்பரம் அதோடு நின்றிருந்தால் குறை சொல்ல எதுவுமில்லை. ‘தரமான ராணிகள் உறுதி’ என்று சேர்த்துப் போடுகிறார்களே, அங்கேதான் சிக்கல். புழு சரியான வயதில் இடம் மாறுவதை மட்டுமே இந்தக் கிட் பார்த்துக்கொள்ளும். எவ்வளவு ஊட்டம் கிடைக்கிறது, எந்தத் தாய், தந்தை வழியில் பிறந்தது என்பவை பிளாஸ்டிக்கின் கையில் இல்லை.

வயது ஏன் முக்கியம்

கருவுற்ற எந்த முட்டையும் ராணியாகலாம், பணித் தேனீயும் ஆகலாம். முட்டை 3 நாள். பொரிந்த புழுவுக்கு, எந்த அறையில் இருந்தாலும், செவிலித் தேனீக்கள் தலைச் சுரப்பியிலிருந்து வரும் கூழையே முதலில் தருகின்றன. ஏறக்குறைய மூன்றாம் நாளில் பணித் தேனீப் புழுவின் சாப்பாடு மாறுகிறது. கூழின் அளவு குறைந்து, தேனும் மகரந்தமும் கலந்த உணவு வருகிறது. ராணி அறைப் புழுவுக்குக் கடைசிவரை ராயல் ஜெல்லி எனப்படும் கூழ்தான், அதுவும் மிதக்கிற அளவுக்கு.

இந்த மாற்றம் தொடங்கும் முன் புழுவை எடுத்தாக வேண்டும். எவ்வளவு முன் என்பதற்குப் போலந்தின் தேனீ ஆய்வாளர் வாய்க்கே 1971இல் வெளியிட்ட வேலையே இன்றும் அளவுகோல். முட்டையிலிருந்தும் 1, 2, 3, 4 நாள் புழுக்களிலிருந்தும் ராணிகளை வளர்த்து ஒப்பிட்டார். தொடங்கிய வயது கூடக்கூட ராணியின் எடையும், முட்டை உருவாகும் சினைக்குழல்களின் எண்ணிக்கையும், விந்தைச் சேமிக்கும் விந்துப்பையின் கொள்ளளவும் குறைந்துகொண்டே வந்தன. நல்ல ராணிக்கு ஒரு பக்கச் சூலகத்தில் 150க்கு மேற்பட்ட சினைக்குழல்கள் இருக்கும், பணித் தேனீக்குச் சில மட்டுமே. வயது கடந்த புழுவிலிருந்து வரும் ராணி இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. பார்வைக்கு ராணிதான். முட்டையும் இடும். ஆனால் விந்து இருப்புச் சீக்கிரம் தீர்ந்து, ஒரு பருவம் கழிவதற்குள் ஆண் முட்டைகள் பெருகி, பெட்டியிலுள்ள தேனீக்களே அந்த ராணியை மாற்ற முனையும்.

ஊசியால் புழு எடுப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். 12 மணி நேரப் புழு கண்ணுக்கு எளிதில் அகப்படாது. ஊசிக்கு வசமாக இருப்பதோ இரண்டு நாள் புழு. கிட்டில் ராணி அடைபட்ட நேரம் நம் கையில் இருப்பதால் புழுவின் வயதை மணிக்கணக்கில் சொல்லிவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கிட்டுக்கு நல்ல மதிப்பெண் தர வேண்டும்.

நாட்கணக்கு

புது பிளாஸ்டிக்கை ராணி தொடாது. முதல் தடவை தோற்றவர்களில் பலர் இதை அறியாமல் தோற்றவர்கள். முன்மூடியைக் கழற்றி, பலகை மேல் தேன் கலந்த நீரை லேசாகத் தெளித்து, ராணி முட்டையிடும் தட்டான புழு அறையின் நடுவில் இரண்டு புழு அடைகளுக்கு இடையே இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். பணித் தேனீக்கள் நக்கி மெருகேற்றி, விளிம்பில் மெழுகு பூசத் தொடங்கிய பிறகே ராணியை விட வேண்டும். சில ராணிகள் அப்போதும் முரண்டு பிடிக்கும். பலகையை ஓரச் சட்டத்தில் வைத்தால் சூடு போதாமல் முரண்டு அதிகமாகும். புழு அறையின் நடுப்பகுதிதான் 34 முதல் 35 டிகிரியில் நிற்கும்.

ராணியை அடைத்த நாளைப் பூஜ்யம் என்று கொள்வோம். மறுநாள் அதே நேரத்தில் முட்டைகளைப் பார்த்துவிட்டு ராணியை வெளியே விடுங்கள், மூடி மட்டும் அப்படியே இருக்கட்டும். மூடியைத் திறந்து வைத்தால் ராணி திரும்பி வந்து இன்னும் இடும், வயது கலந்துவிடும். கிட்டின் ஒரே சிறப்பு அதோடு போச்சு. 24 மணி நேரத்தில் முட்டை இல்லையென்றால் இன்னொரு 12 மணி நேரம் பொறுக்கலாம். அதற்கு மேல் அடைத்து வைப்பது பெட்டிக்கு நல்லதல்ல, வெளியே வந்ததும் பணித் தேனீக்கள் ராணியைச் சூழ்ந்து நெருக்கும் அபாயம் உண்டு.

நான்காம் நாள் பொரிப்பு. பின்மூடியைத் திறந்து கிண்ணங்களைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடியில் பளபளவென ஈரம், அதில் மிதக்கும் அரைப்பிறை போன்ற துளி. அந்தக் கிண்ணங்களே வேண்டும். புழு இருந்து ஈரம் இல்லையென்றால் செவிலிகள் இன்னும் ஊட்டவில்லை என்று பொருள். இன்னும் சில மணி நேரம் அங்கேயே விடுங்கள். வறண்ட கிண்ணத்தைத் தலைகீழாக மாட்டினால் ஏற்பு, அதாவது தேனீக்கள் ராணியாக வளர்க்க ஏற்றுக்கொள்ளும் கிண்ணங்களின் எண்ணிக்கை, குறையும். முட்டையோடே மாற்றிவிடலாமே என்று தோன்றும். ராணியில்லாத பெட்டியில் வைத்த முட்டைகளைத் தேனீக்கள் பெரும்பாலும் காலி செய்துவிடுகின்றன, அந்த அவசரம் வேண்டாம்.

கழற்றும் வேலையை நிழலில், ஈரத் துணி மூடி, கால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் முட்டை பொரிவதே நின்றுவிடும். சித்திரை வெயிலில் திறந்த வெளியில் வைத்துக் கழற்றுபவர்களுக்கு இது நினைவில் இருந்தால் நல்லது.

மறுநாள், அதாவது 24 மணி நேரம் கழித்து, ஏற்பைப் பார்க்கலாம். கிண்ண விளிம்பில் புது மெழுகும் அடியில் வெண்கூழும் இருந்தால் ஏற்றுக்கொண்டாயிற்று. எட்டாம் நாள் கடைசியிலோ ஒன்பதாம் நாளிலோ அறைகள் மூடப்படும். அப்போதிலிருந்து பதின்மூன்றாம் நாள்வரை சட்டத்தைத் தட்டுவதோ சாய்ப்பதோ கூடாது. உள்ளே கூட்டுப்புழுவாக மாறும் உடல் குலுங்கினால் இறக்கை குறையுள்ள ராணி வரும். பதினான்காம் நாள் உருளைக் கூண்டு மாட்டலாம், அல்லது இணைசேர்க்கைக்கான சிறு பெட்டிகளுக்கு மாற்றலாம். பதினாறாம் நாள் ராணி அறையிலிருந்து வெளிவரும். கூண்டு மாட்ட மறந்தால் முதலில் வரும் ராணி மற்ற அறைகளை ஓரமாகத் துளைத்து உள்ளிருப்பவற்றைக் கொன்றுவிடும்.

கிட்டோடு வராத பாகம்: சாப்பாடு

ராயல் ஜெல்லி என்றாலே ஏதோ மந்திரக் குழம்பு என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. ஆய்வகத்தில் புழு வளர்க்கும் முறையைப் பார்த்தால் அது தெளியும். நிக்கோட் நிறுவனத்தின் இன்னொரு வகைக் கிண்ணம், 9 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழம், உலகெங்கும் பூச்சிக்கொல்லிச் சோதனைக்குப் புழு வளர்க்கப் பயன்படுகிறது. ஒரு புழுவுக்கு ஆறு நாளில் மொத்தம் 160 மைக்ரோலிட்டர் உணவு. அதில் பாதி ராயல் ஜெல்லி, மீதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், கொஞ்சம் ஈஸ்ட் சாறு, நீர். இத்தனை ராயல் ஜெல்லி தின்ற பிறகும் பொரிந்து வருவது பணித் தேனீதான், ஏனென்றால் கொடுத்தது அளந்த அளவு. வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2020இல் இதையே நேராகச் சோதித்தார்கள். புரதமும் சர்க்கரையும் எந்த விகிதத்தில் என்பதைவிட, புழுவுக்குத் திகட்டத் திகட்டக் கிடைத்ததா என்பதே அதை ராணிப் பக்கம் தள்ளியது.

நடுவில் ஒரே ஒரு புரதத்தின் மேல் பழியைப் போடும் முயற்சியும் நடந்தது. ஜப்பானிய ஆய்வாளர் கமகுரா 2011இல் ‘ராயலாக்டின்’ என்ற புரதமே ராணியை உண்டாக்குகிறது என்று நேச்சர் இதழில் எழுதினார். 2016இல் ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் அந்தப் புரதம் இல்லாமலும் ராணி வளரும் என்று அதே இதழில் மறுத்தார்கள். அதே குழு 2018இல் சொன்னது வளர்ப்பவர்களுக்கு இன்னும் பயனுள்ளது. ராயல் ஜெல்லியின் புளிப்பு, pH சுமார் 4, அந்தப் புரதத்தை நூலிழைகளாகக் கோக்கிறது. கூழ் பிசுபிசுப்பாக நிற்பது அதனால்தான், தலைகீழ் அறையில் புழு விழாமல் ஒட்டியிருப்பதும் அதனால்தான். கிண்ணத்தில் நீர் கலந்த ராயல் ஜெல்லியைச் சொட்டுவிட்டுப் புழுவை வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்: நீர் அதிகமானால் புழு நழுவும். கிட்டில் அந்தச் சொட்டே தேவையில்லை, செவிலிகள் வைத்த கூழோடு புழு வருகிறது. ஊசி முறையைவிட இது இன்னொரு மேன்மை.

மகரந்தத்திலும் தேனிலும் உள்ள பி-குமாரிக் அமிலம் என்ற செடிப்பொருள் சூலக வளர்ச்சியைக் குறைக்கிறது என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் 2015இல் காட்டினார்கள். ராயல் ஜெல்லியில் அது இல்லை. ராணிக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்பதோடு எதைக் கொடுக்காமல் விடுகிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது. ஆனால் அதை நாம் செய்ய முடியாது. அந்தச் சமையல் முழுக்கச் செவிலிகளின் வேலை. நம் வேலை செவிலிகளுக்குச் சாப்பாடு போடுவது.

அதற்கான பெட்டியை இப்படி அமைக்க வேண்டும். கிண்ணம் மாட்டுவதற்கு முந்தைய நாளே ராணியை எடுத்துவிடுங்கள். மூடிய புழு அடை இரண்டு, மகரந்தம் நிறைந்த அடை ஒன்று, தேன் அடை ஒன்று. திறந்த புழு அடை ஒன்றுகூட வேண்டாம், அதிலுள்ள புழுக்கள் கூழைப் பங்கு கேட்கும், தேனீக்கள் அங்கேயே சொந்த ராணி அறையும் கட்டிவிடும். சட்டங்களைக் குறைத்துத் தேனீக்களை நெருக்குங்கள், மூடியைத் திறந்தால் பொங்கி வழிய வேண்டும். அறையிலிருந்து வெளிவந்து 6 முதல் 12 நாள் ஆன இளம் தேனீக்களே கூழ் சுரப்பவை. அவை போதவில்லையென்றால் வேறு பெட்டிகளின் திறந்த புழு அடைகளில் இருக்கும் தேனீக்களை உதறிச் சேர்க்கலாம், அந்த ராணி கூட வந்துவிடாமல் பார்த்துக்கொண்டு. சர்க்கரையும் நீரும் சம அளவில் கலந்த பாகு தினம் 200 முதல் 300 மில்லி, வெளியே தேன் வரத்து இருந்தாலும் நிறுத்த வேண்டாம். தொடக்க நாட்களில் ராணிப் புழுவின் கூழில் சர்க்கரை 12 சதவீதம் அளவு, பணித் தேனீப் புழுவின் கூழில் 4 சதவீதம் அளவு. சர்க்கரைதான் புழுவை மேலும் மேலும் தின்னத் தூண்டுகிறது.

பலகையில் 110 கிண்ணம் இருக்கிறதே என்று 60 கிண்ணங்களை ஒரே பெட்டியில் மாட்டுவதுதான் இந்தக் கிட்டை வாங்கியவர்கள் செய்யும் பெரிய தவறு. இத்தாலியத் தேனீயின் வலுவான பத்துச் சட்டப் பெட்டிக்கு 20, மிஞ்சினால் 30. அதற்கு மேல் போனால் ஏற்பு எண்ணிக்கை நன்றாகவே தெரியும், பங்கு மட்டும் சிறுத்துவிடும். சிறுத்ததா என்று அறிய ஒரு வழி: ராணி பொரிந்த பிறகு காலி அறையின் அடியைக் கீறிப் பாருங்கள். காய்ந்த கூழ் கட்டியாக மிஞ்சியிருந்தால் புழு திகட்டத் தின்றிருக்கிறது. துடைத்து வைத்ததுபோல் இருந்தால் அந்த ராணியை நம்பிப் பெட்டி பிரிக்க வேண்டாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு கண்ணி உண்டு. ரப்பர் துளிர்க்கும் மாதங்களில் இலைக்காம்புச் சுரப்பிகளிலிருந்து தேன் கொட்டும். பெட்டி கனக்கும், எல்லாம் செழிப்பாகத் தோன்றும். ஆனால் அந்தச் சுரப்பி பூவில் இல்லை, அதிலிருந்து மகரந்தம் வராது. தென்னை போன்ற மகரந்த மரங்கள் அருகில் இல்லாத தோட்டத்தில் ரப்பர் வரத்தின் உச்சத்தில் ராணி வளர்த்தால் புழுவுக்குப் புரதம் தட்டும். வடகிழக்கு மழை ஓய்ந்து, ரப்பர் தொடங்கும் முன்னான வளர்ச்சிக் காலமே ஏற்றது. மகரந்த மாற்று உணவு கொடுத்துத்தான் தீர வேண்டுமென்றால் கொழுப்பு நீக்கிய சோயா மாவும் ப்ரூவர்ஸ் ஈஸ்ட்டும் சர்க்கரைப் பாகில் பிசைந்து, சேகரித்து வைத்த மகரந்தம் கொஞ்சம் சேர்த்து, அடைகளின் மேல் சப்பாத்தி மாவு பதத்தில் வைக்கலாம். பால் பவுடர் சேர்க்கும் பழைய கலவைகளை விட்டுவிடுங்கள், லாக்டோஸ் தேனீக்குச் செரிக்காது. சோயாவும் அளவு மீறினால் கெடுதல்தான், அதிலுள்ள சில சர்க்கரைகள் தேனீக்கு நஞ்சு. உண்மையான மகரந்தத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

தாய் வழி, தந்தை வழி

ஒரே மரபணுத் தொகுப்பிலிருந்து இரண்டு விதமான உடல்கள் எப்படி வருகின்றன என்பதை ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2008இல் தொட்டுக் காட்டினார்கள். டி.என்.ஏ.யில் மீத்தைல் குறி போடும் ஒரு நொதியை இளம் புழுக்களில் அடக்கினார்கள். ராயல் ஜெல்லி விருந்து இல்லாமலே அவற்றில் 72 சதவீதம் வளர்ந்த சூலகத்தோடு ராணிகளாக வந்தன. உணவு மரபணுவை மாற்றுவதில்லை, எந்த மரபணு பேச வேண்டும் என்பதை மாற்றுகிறது. அதனால் நல்ல சாப்பாடு போட்டால் மட்டமான வழியும் நல்ல வழியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். கொட்டும் குணமும், நோயுற்ற புழுவைக் கண்டுபிடித்து வெளியேற்றும் துப்புரவுக் குணமும் வழியோடுதான் வருகின்றன.

தென்னிந்தியாவில் இந்த இரண்டாவது குணத்தை அலட்சியம் செய்யவே முடியாது. 1991, 92 வாக்கில் கேரளத்திலும் குமரியிலும் பரவிய தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற பைப்புழு நோய் இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதியை அழித்தது. நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாற முடியாமல், தலை தூக்கி, நீர் நிரம்பிய பையாகிச் சாகும். தப்பிய கூட்டங்களிலிருந்து பெருக்கித்தான் தொழில் மீண்டது. கிட்டுக்குள் எந்த ராணியை அடைப்பது என்று தீர்மானிக்கும்போது தேன் அளவை மட்டும் பார்க்காதீர்கள், நோய்க்காலத்தைத் தாண்டி வந்த பெட்டியா என்றும் பாருங்கள்.

இங்கே கிட்டே ஓர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. ஊசி பிடிப்பவர் நாலைந்து தாய்ப் பெட்டிகளிலிருந்து புழு எடுப்பது எளிது. கிட்டோ ஒரு தாயைச் சுற்றியே வேலை செய்ய வைக்கிறது. ஒரே தாயிடமிருந்து 40 ராணிகளை வளர்த்து, பண்ணையிலுள்ள எல்லாப் பெட்டியிலும் போட்டால் அடுத்த தலைமுறையில் ஆண்களும் அதே குடும்பமாகிவிடும். தேனீயின் பாலினத்தைத் தீர்மானிக்கும் மரபணுவை ஹாலேயின் மார்ட்டின் பெயே குழு 2003இல் அடையாளம் கண்டது. அதன் இரண்டு பிரதிகளும் வேறு வேறாக இருந்தால் பெண். ஒன்றேபோல் இருந்தால் கருவுற்ற முட்டையிலிருந்தும் ஆண் புழு வரும், அதைப் பணித் தேனீக்கள் பொரிந்த சில மணி நேரத்தில் தின்றுவிடும். தன் பிரதி ஒன்றையே சுமக்கும் ஆணோடு ராணி சேர்ந்தால், அந்த ஆணால் கருவுற்ற முட்டைகளில் பாதி இப்படிப் போகும். மூடிய புழு அடையில் அங்கங்கே காலி அறைகளோடு சல்லடை போல் தெரிவதற்குப் பட்டினியும் நோயும் காரணமில்லையென்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த ராணிக்கு மகரந்தம் எவ்வளவு கொடுத்தாலும் அடை நிரம்பாது. ஒவ்வொரு சுற்றுக்கும் தாயை மாற்றுங்கள், வெளியூர்ப் பெட்டி ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்களின் நாட்கணக்கையும் கிட்டின் விளக்கத்தாள் சொல்வதில்லை. ஆண் தேனீ முட்டையிலிருந்து முழுத் தேனீயாக வெளிவர 24 நாள், இணைசேரத் தயாராக இன்னும் 12 நாள் அளவு. ராணியோ முட்டையிலிருந்து மூன்று வாரம் கடந்ததும் பறக்கும். எனவே ராணியைப் பலகையில் அடைக்கும் நாளிலேயே நல்ல பெட்டிகளில் மூடிய ஆண் புழு அறைகள் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.

முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவின் ஜியாங்சி வேளாண் பல்கலைக்கழகத்தினர் 2019இல் கண்டது: ராணி, ராணி அறையில் இடும் முட்டை பணித் தேனீ அறையில் இடுவதைவிடப் பெரியது, அதிலிருந்து வரும் ராணியும் கனமானது. கிட்டின் பலகையில் இருப்பவை பணித் தேனீ அளவு அறைகள். ஊசி முறைக்கும் இதே குறைதான், ஆகவே ஒப்பீட்டில் இது யாருக்கும் பாதகமில்லை. ஆனால் கூட்டம் பிரிந்து திரளும் காலத்தில் நல்ல பெட்டி தானாகக் கட்டும் ராணி அறைகளை வெட்டிப் பயன்படுத்தும் நம் பழைய முறையைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்தியத் தேனீக்கு?

வாங்க வேண்டாம். இந்தப் பலகையின் அறைகள் இத்தாலியத் தேனீயின் 5.3, 5.4 மி.மீ. அளவுக்குச் செய்தவை. தென்னிந்திய இந்தியத் தேனீயின் பணி அறை சுமார் 4.3 மி.மீ. ராணி முன்னங்கால்களால் அறையின் அகலத்தை அளந்துதான் முட்டையைக் கருவுறச் செய்வதா விடுவதா என்று முடிவெடுக்கிறது. அகலமான அறையில் ஆண் முட்டை விழலாம், அல்லது ஒன்றுமே விழாமல் போகலாம். முன்மூடியின் இடுக்கும் பெரிய தேனீக்கானது, சிறிய ராணி நழுவிவிடும் வாய்ப்பு உண்டு. இந்தியத் தேனீக்கான நியூட்டன் பெட்டியின் புழு அறைச் சட்டமே உள்ளளவில் 20 செ.மீ. நீளமும் 14 செ.மீ. உயரமும் சுற்றியே இருக்கும். அதில் இந்தப் பலகையை வைத்தால் ஒரு சட்டத்தின் புழுப்பரப்பு முழுதும் போய்விடும். குமரியிலும் மலைப்பகுதிகளிலும் இந்தியத் தேனீ வளர்ப்பவர்கள் சற்றுச் சிறிய மெழுகுக் கிண்ணம், சீன ஊசி, ஒரு பெட்டிக்கு 8 அல்லது 10 புழு என்று போவதே நல்லது.

சீன ஊசியின் விலை நூறு, இருநூறு ரூபாய் அளவில்தான். வளையும் நாக்கு புழுவை அதன் கூழோடு அள்ளும், பின்னால் உள்ள கட்டையை அழுத்தினால் மூங்கில் முனை அதைக் கிண்ணத்தில் தள்ளும். நான்கு ஐந்து வாங்கி, நாக்கு மெல்லியதாக நேராக உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடலாம். கை பழகும்வரை பல புழுக்கள் சாகும். பழகிய பிறகு கிட் தேவையில்லை. பத்துப் பெட்டிக்குக் குறைவாக வைத்திருப்பவருக்குக் கிட்டும் தேவையில்லை, ஊசியும் தேவையில்லை. புது அடையின் கீழ் விளிம்பை, இளம் புழு இருக்கும் இடத்தில், வளைவாக வெட்டி ராணியில்லாத பெட்டியில் வைத்தால் ஐந்தாறு நல்ல அறைகள் கிடைக்கும். கிட் பொருந்துவது இத்தாலியத் தேனீயை ஐம்பது பெட்டிக்கு மேல் வைத்து, ஆண்டுதோறும் ராணி மாற்றி, பார்வை ஒத்துழைக்காதவருக்கு. அவருக்கு நான்கு நட்சத்திரம் தரலாம். ராணியைப் பிடித்து அடைப்பதே பயமாக இருக்கும் புதியவருக்கு இரண்டு.

வாங்கும்போது

நகல்களில் முதலில் பார்க்க வேண்டியது கிண்ணம் பலகையில் இறுகப் பிடிக்கிறதா என்பது. தளர்வாக இருந்தால் பின்பக்கம் மெழுகும் பிசினும் வைத்துத் தேனீக்கள் அடைத்துவிடும், கழற்றும்போது கிண்ணம் துள்ளி முட்டை சிதறும். அடுத்தது முன்மூடியின் இடுக்குகள். அச்சில் மிஞ்சிய பிளாஸ்டிக் பிசிறு இருந்தால் செவிலிகளின் இறக்கை கிழியும், நுண் தாளால் தேய்த்துவிடுங்கள். வட்டத் துளையின் அடைப்பு எளிதில் கழன்று விழுகிறதா என்றும் பாருங்கள். ராணி உள்ளே இருக்கும்போது அது விழுந்தால் அன்றைய வேலை வீண். கிண்ணங்கள் தனியே கிடைக்கும் கடையில் வாங்குவது நல்லது, ஏனெனில் இரண்டு பருவத்துக்குள் கால்வாசி தொலைந்தோ உடைந்தோ போகும். ஒரு நகலின் கிண்ணம் இன்னொரு நகலின் பிடியில் சேராது.

கழுவும்போது வெந்நீர் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் கோணிவிடும், காய்ந்த கூழின் புரதமும் வெந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் மென்மையான தூரிகையால் தேய்த்து, நிழலில் காயவிடுங்கள். சோப்பு வாசம் மிஞ்சினால் அடுத்த சுற்றில் ராணி அதில் முட்டையிடத் தயங்கும். புழு நோய் கண்ட பண்ணையில் பயன்பட்ட கிண்ணங்களை வேறு பண்ணைக்கு இரவல் கொடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.